ஸ்வாப் நிறைந்திருக்கிறது என்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, உபுண்டு, நிறுவும்போதே வந்த 2 ஜிபி ஸ்வாப் கோப்பு, அதாவது ரேமிலிருந்து வெளியேற்றியதை வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம். ரேமில் 3 ஜிபி மிச்சம் இருக்கும்போதே ஸ்வாப்பில் 1.4 ஜிபி நிறைந்து கிடக்கிறது. பிரவுசரில் டேப்கள் கூடும்போது சில சமயம் மவுஸ்கூட நகராமல் மடிக்கணினி உறைந்துபோகிறது. ஒருவர் ஸ்வாப்பை அடியோடு நிறுத்து, எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்கிறார். இன்னொருவர் ரேமுக்கு இரண்டு மடங்காக 16 ஜிபி போடு என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த 1.4 ஜிபி ஒரு நோயின் அறிகுறியா என்பது ஒன்று. மெஷின் ஏன் உறைகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அநேகமாக அப்படி இல்லை. பல வருடம் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்த பழக்கத்தில் சொல்கிறேன், இந்த இரண்டும் குழம்பிப்போகாத ஆளை நான் பார்த்ததே குறைவு. நானும் குழம்பியவன்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, அது நோய் இல்லை. ஏன் என்று புரிய, இயங்குதளத்தின் மையமான கர்னல் நினைவகத்தை எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரேம் முழுவதையும் அது சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. வழக்கமான மடிக்கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. இந்தப் பக்கங்களில் முக்கியமாக இரண்டு சாதி. ஒன்று, ஏதோ ஒரு கோப்பிலிருந்து வந்தவை: நிரல்களின் குறிமுறை, நூலகங்கள், நீங்கள் திறந்து படித்த கோப்புகள். இவற்றுக்கு டிஸ்க்கில் சொந்த வீடு இருக்கிறது. இடம் வேண்டுமென்றால் கர்னல் இவற்றைத் தூக்கி எறிந்துவிடலாம், தேவைப்பட்டால் திரும்பப் படித்துக்கொள்ளலாம். இன்னொன்று, நிரல் ஓடும்போது தானே உருவாக்கிக்கொண்டவை: பிரவுசர் ஒரு டேப்புக்காகக் கட்டிவைத்த தரவு, நீங்கள் இன்னும் சேமிக்காத ஆவணம். இவற்றை அனானிமஸ் பக்கங்கள் என்பார்கள், பெயரில்லாதவை. எந்தக் கோப்பும் இவற்றுக்குப் பின்னால் இல்லாததால் எறிந்துவிட முடியாது. இவை ரேமை விட்டு வெளியேற வேண்டுமானால் போக ஒரே இடம் ஸ்வாப்.

ஆகவே ஸ்வாப்பை "ரேம் தீர்ந்தால் பயன்படும் போலி ரேம்" என்று நினைப்பது பாதி உண்மை மட்டுமே. வீடில்லாத பக்கங்களுக்கும் ஒரு வீடு கொடுத்து, இரண்டு சாதியையும் கர்னல் ஒரே தராசில் நிறுத்த வழிசெய்வதுதான் அதன் முதல் வேலை. காலையில் திறந்துவிட்டு மாலைவரை தொடாத ஒரு டேப்பின் தரவும், நீங்கள் நிமிடத்துக்கு நிமிடம் தொடும் ஒரு கோப்பும் ரேமில் இடத்துக்குப் போட்டி போட்டால், வெளியே போக வேண்டியது தூங்கிக்கொண்டிருக்கும் டேப்தான். அதைத்தான் கர்னல் செய்திருக்கிறது. எப்போதோ ஒரு நெருக்கடி நேரத்தில் 1.4 ஜிபி வெளியே போயிருக்கும். அப்புறம் நெருக்கடி தீர்ந்து 3 ஜிபி காலியானது. ஆனால் வெளியே போனதை யாரும் தொடாதவரை கர்னல் திரும்பக் கொண்டுவராது. கொண்டுவரக் காரணமும் இல்லை. போதாததற்கு, திரும்ப ரேமுக்கு வந்த பக்கத்தின் நகலைக்கூடப் பல நேரம் ஸ்வாப்பில் உடனே அழிக்காமல் விட்டுவைக்கும். மறுபடி வெளியேற்ற நேர்ந்தால் மறுபடி எழுதும் வேலை மிச்சம் பாருங்கள். நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் ஸ்வாப்கேஷ்டு என்று ஒரு வரி இருக்கும், அது இந்த இரட்டைக் கணக்குதான்.

சரி, உறைவது எதனால்? இங்கேதான் "ஸ்வாப்பை நிறுத்து" என்ற அறிவுரை எனக்கு உடன்பாடில்லாமல் போகிறது. ஸ்வாப்பே இல்லாத மெஷினில் ரேம் நெருக்கடி வந்தால் என்ன நடக்கும்? பெயரில்லாப் பக்கங்கள் அசைய முடியாது. எறியக் கூடியவை கோப்புப் பக்கங்கள் மட்டும்தான். அதில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசரின் குறிமுறையும், டெஸ்க்டாப்பின் குறிமுறையும் அடக்கம். கர்னல் அவற்றை எறியும், அடுத்த நொடி அதே குறிமுறை தேவைப்படும், டிஸ்க்கிலிருந்து படிக்கும், படித்ததற்கு இடம் வேண்டி இன்னொன்றை எறியும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். டிஸ்க் விளக்கு விடாமல் எரியும், மவுஸ் நகராது. ஸ்வாப் இல்லாத மெஷினும் இப்படி உறையும் என்பதை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். இந்தச் சுழலை உடைக்க வேண்டிய ஓஓஎம் கில்லர், அதாவது நினைவகம் தீர்ந்தால் ஒரு நிரலைப் பலிகொடுக்கும் கர்னலின் பகுதி, தாமதமாகத்தான் வரும். ஏனென்றால் எறிந்து எறிந்து இடம் கிடைத்துக்கொண்டிருக்கிறதே, வேலை நடக்கிறது என்றுதான் கர்னல் நினைக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது செத்துப்போன மெஷின்.

அதேபோல, 16 ஜிபி ஸ்வாப் போட்டாலும் உறைவது நிற்காது. சொல்லப்போனால் கூடும். நீங்கள் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் மொத்த அளவு 8 ஜிபியைத் தாண்டிவிட்டால், ஸ்வாப் எவ்வளவு பெரிதானாலும் பக்கங்கள் உள்ளேயும் வெளியேயும் அலைந்துகொண்டேதான் இருக்கும். பெரிய ஸ்வாப் அந்த அலைச்சலை நீட்டிக்கும், அவ்வளவுதான். சின்ன ஸ்வாப் என்றால் சீக்கிரம் நிறைந்து, ஓஓஎம் கில்லர் சீக்கிரம் வந்து, கணக்கு முடிந்துவிடும்.

இதுவரை சொன்னது நிச்சயமானது. உங்கள் மெஷின் உறைவது நினைவகத்தால்தானா என்பதை நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கிராபிக்ஸ் டிரைவர் சிக்கினாலும் இதே மாதிரி உறையும். சாகப்போகும் டிஸ்க்கும் இதே நாடகம் போடும். அதனால் அளந்து பார்க்க வேண்டும். ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப்பின் பயன்பாட்டு எண்ணைப் பார்க்காதீர்கள். அதில் பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற பத்தி, நிரல்களுக்குக் கிடைக்கக் கூடிய ரேம். அதே வரிசையில் ஃப்ரீ என்றே பெயருள்ள பத்தி எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், கர்னல் சும்மா கிடக்கும் ரேமைக் கோப்புகளின் நகலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். முக்கியமான கருவி விஎம்ஸ்டாட். அதை 1 என்ற எண்ணோடு ஓடவிட்டால் நொடிக்கொரு வரி அச்சிடும். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகள், ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது மெஷின் தொடங்கியதிலிருந்தான சராசரி. மற்ற வரிகளில் இரண்டும் சுழியாகவோ அவ்வப்போது துள்ளுவதாகவோ இருந்தால் ஸ்வாப்பால் உங்களுக்குக் கெடுதல் ஏதும் இல்லை, அதில் 1.4 என்ன, 1.9 ஜிபி நிறைந்திருந்தாலும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் பல நொடிகள் தொடர்ந்து ஆயிரக்கணக்கில் ஓடினால் அதுதான் நோய். எஸ்ஐ, எஸ்ஓ சுழியாக இருந்து, டிஸ்க்கிலிருந்து படிப்பதைக் காட்டும் பிஐ என்ற பத்தி மட்டும் எகிறினால் மேலே சொன்ன குறிமுறை எறியும் சுழலாக இருக்கலாம்.

இன்னும் நேரடியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. 4.20 கர்னலிலிருந்து, ப்ராக் அடைவுக்குள் பிரஷர் என்ற உள்ளடைவில் மெமரி என்று ஒரு கோப்பு இருக்கிறது. நினைவகத்துக்காகக் காத்துக் கிடந்த நேரத்தின் சதவீதத்தை, கடந்த 10, 60, 300 நொடிகளுக்கு அது சொல்லும். சம் என்ற வரி யாராவது ஒருவர் காத்திருந்த நேரம். ஃபுல் என்ற வரி எல்லோருமே வேலை நின்று காத்திருந்த நேரம். ஃபுல் வரியில் 10 நொடிச் சராசரி இரண்டு இலக்கத்துக்குப் போனால், நீங்கள் மவுஸை அசைத்துப் பார்த்து நொந்துகொண்டிருக்கும் நேரம் அது.

இப்போது அளவுக்கு வருவோம். இரண்டு மடங்கு என்ற பேச்சு வந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ரேம் மெகாபைட் கணக்கில் இருந்தது. 2001-இல் வந்த 2.4 கர்னலின் தொடக்கப் பதிப்புகளில் உள்ளே வந்த பக்கத்துக்கும் ஸ்வாப்பில் இடம் பிடித்தே வைத்திருந்ததால் குறைந்த ஸ்வாப் உண்மையிலேயே சிக்கலாக இருந்தது. அந்தக் கர்னல் போய்விட்டது, வழக்கு மட்டும் தங்கிவிட்டது. லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட் தன் ஆவணத்தில், 2 ஜிபி வரை ரேம் உள்ளவற்றுக்கு இரு மடங்கு, 2 முதல் 8 வரை ரேமுக்குச் சமம், அதற்கு மேல் குறைந்தது 4 ஜிபி என்கிறது. உங்கள் 8 ஜிபிக்கு நான் 4 ஜிபி போடுவேன். இது என் கணிப்புதான், இயற்பியல் விதி இல்லை. 2 ஜிபியிலேயே விட்டாலும் குடி முழுகாது.

பெரிதாக்குவது எளிது, ஒரு எச்சரிக்கையோடு. பழைய ஸ்வாப்பை ஸ்வாப்ஆஃப் கட்டளையால் நிறுத்தும்போது அதில் இருப்பதெல்லாம் ரேமுக்குத் திரும்பி வர வேண்டும். அவைலபிள் பத்தியில் அதைவிட அதிகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை, சாதாரண ஹார்டு டிஸ்க் இருந்த ஒரு டேட்டாபேஸ் சர்வரில், ஸ்வாப் எண் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, சுத்தம் செய்துவிடலாம் என்று நட்டநடுப் பகலில் இதை ஓடவிட்டேன். 6 ஜிபி. டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் தாவித் தாவிப் படித்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது; அதுவரை டேட்டாபேஸ் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. கட்டளையைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அன்று ஒன்றுமே நடந்திருக்காது. எண்ணை அழகாக்க ஸ்வாப்பைக் காலி செய்யும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். உங்களுக்கு எஸ்எஸ்டி, அளவும் சிறியது, அந்த அவஸ்தை இருக்காது.

நிறுத்திய பிறகு புதிய கோப்பை டிடி கட்டளையால் சுழிகளை எழுதி 4 ஜிபிக்கு உருவாக்குங்கள். ஃபாலொகேட் கட்டளை ஒரு நொடியில் முடித்துவிடும், உபுண்டுவின் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-இல் அது வேலையும் செய்யும். ஆனால் ஓட்டைகள் உள்ள கோப்பை ஸ்வாப் ஏற்காது, எல்லாக் கோப்பு முறைமைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால் நான் டிடியோடு நின்றுவிடுவேன். கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள். உங்கள் கடவுச்சொற்கள் உட்பட நினைவகத்தில் இருக்கும் எதுவும் அதற்குள் வந்து உட்காரலாம், நிர்வாகக் கணக்கான ரூட் தவிர யாரும் படிக்கக் கூடாது. பிறகு அதை ஸ்வாப்பாக வடிவமைக்க எம்கேஸ்வாப், பிறகு இயக்க ஸ்வாப்ஆன். பழைய கோப்பின் பெயரையே வைத்தால் மெஷின் தொடங்கும்போது எதையெல்லாம் இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் உள்ள வரி அப்படியே பொருந்தும். கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்றால் கதை வேறு: 5.0 கர்னலுக்கு முன் அதில் ஸ்வாப் கோப்பே கிடையாது, இப்போதும் நகலெடுத்து எழுதும் முறையையும் சுருக்கத்தையும் அந்தக் கோப்புக்கு அணைத்திருக்க வேண்டும், அது இயங்கும்போது அந்தத் துணைத்தொகுதியை ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. தனிப் பார்ட்டிஷன் கோப்பைவிட வேகம் என்பது 2.6 கர்னலுக்கு முந்தைய பேச்சு. இப்போது கர்னல், கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே குறித்துக்கொண்டு நேரே அங்கே எழுதுகிறது.

ஸ்வாப்பினஸ் என்ற கர்னல் அமைப்பு எண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து 10 ஆக்கு என்பார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். ரேம் இத்தனை சதவீதம் நிறைந்ததும் ஸ்வாப் தொடங்கும் என்பதல்ல அந்த எண்ணின் பொருள். இடம் வேண்டும்போது, கோப்புப் பக்கத்தை எறிவதா, பெயரில்லாப் பக்கத்தை ஸ்வாப்புக்கு அனுப்புவதா, எது எவ்வளவு செலவு என்று கர்னலுக்கு நாம் கொடுக்கும் குறிப்பு அது. 100 என்றால் இரண்டும் சமச் செலவு. இயல்பான 60 என்பது ஸ்வாப் கொஞ்சம் அதிகச் செலவு என்று பொருள், டிஸ்க்கில் முள் தாவும் காலத்துக்குப் பொருந்தும். 5.8 கர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் 10 ஆக்கினால், கோப்பு நகல்களை எறிவதுதான் முதல் தேர்வாகும். அது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு வாரம் மாற்றிவைத்து அதே பிரஷர் கோப்பைப் பார்த்து முடிவு செய்யலாம். அளக்காமல் சொல்லும் எந்த எண்ணும், என்னுடையது உட்பட, ஜோசியம்தான்.

உங்கள் நிலைமைக்கு ஸ்வாப்பினஸைவிடப் பலன் தரக் கூடியது சுருக்கப்பட்ட ஸ்வாப். இதில் இரண்டு வகை. ஜீரேம் என்பது ரேமுக்குள்ளேயே ஒரு போலி டிஸ்க்கை உருவாக்கி, அதற்கு வரும் பக்கங்களைச் சுருக்கி அங்கேயே வைத்துக்கொள்ளும். பக்கங்கள் பெரும்பாலும் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கும்; டிஸ்க்கைத் தொடுவதே இல்லை என்பதால் திரும்ப எடுப்பதும் வேகம். ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் இயல்பாகத் தருகிறது. ஜீஸ்வாப் என்பது உங்கள் ஸ்வாப் கோப்புக்கு முன்னால் நிற்கும் ஒரு சுருக்கக் கிடங்கு. அது நிறைந்தால் அதிலிருக்கும் பழைய பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளும். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஜீரேமோடு ஸ்வாப் கோப்பையும் சேர்க்காதீர்கள். ஜீரேமை மேல் முன்னுரிமையிலும் ஸ்வாப் கோப்பைக் கீழேயும் வைத்தால் ஒரு விபரீதம் நடக்கும்: முதலில் வெளியேறிய, யாரும் தொடாத பக்கங்கள் வேகமான ஜீரேமை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், பின்னால் வருகிற, அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள் மெதுவான டிஸ்க்குக்குப் போகும். உங்களிடம் ஏற்கனவே ஸ்வாப் கோப்பு இருப்பதால் நான் ஜீஸ்வாப்பை இயக்கிப் பார்க்கச் சொல்வேன். ஸ்வாப் கோப்பே வேண்டாம் என்றால் ஜீரேம்.

எஸ்எஸ்டி தேயும் என்ற பயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு உத்தரவாதத்தில் 300 டெராபைட் எழுதும் அளவு கொடுப்பது வழக்கம். ஸ்வாப் மட்டுமே நாள் தவறாமல் 10 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட 30,000 நாள், 82 வருடம் ஆகும். உங்கள் மாடலின் எண்ணை அதன் தாளில் பார்த்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். எஸ்டி கார்டில் ஓடும் சின்னப் பலகைக் கணினி என்றால் பயம் நியாயமானது, அங்கே ஜீரேம்தான்.

ஹைபர்னேட் செய்வீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. செய்வதானால் மட்டும் கணக்கு மாறும். ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைவது அது, ஆகவே ஜீரேம் உதவாது, டிஸ்க்கில் ரேமின் அளவுக்காவது ஸ்வாப் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கோப்பில் வைத்தால் அது டிஸ்க்கில் தொடங்கும் இடத்தையும் கர்னலுக்குச் சொல்லித்தர வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் பல லினக்ஸ் வெளியீடுகள் ஹைபர்னேட்டையே தடுத்துவிடும், அதில் மணிக்கணக்காகத் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக உறைவதற்கான மருந்து, அது நினைவகத்தால்தான் என்று உறுதியானால். கர்னலின் ஓஓஎம் கில்லருக்காகக் காத்திருக்காமல், அதற்கு முன்பே தலையிடும் சிறு நிரல்கள் இருக்கின்றன. எர்லிஓஓஎம் என்பது ரேமில் கிடைக்கக் கூடியதும் ஸ்வாப்பில் காலியானதும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழ் போனால் அதிகம் தின்னும் நிரலை மூடும். உபுண்டுவில் 22.04-இலிருந்து சிஸ்டம்டி-ஓஓஎம்டி இருக்கிறது; அது தனி நிரலை அல்ல, ஒரு குழுவையே கொல்வதால் சில நேரம் ஒரு டேப்புக்குப் பதில் முழு பிரவுசரும் போய்விடும். கையால் செய்ய ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓஓஎம் கில்லரை நீங்களே கூப்பிடலாம். ஆனால் எந்த சிஸ்ஆர்க்யூ விசைகளுக்கு அனுமதி என்று சொல்லும் கர்னல் அமைப்பின் இயல்பு மதிப்பு உபுண்டுவில் 176, அதில் இந்த விசைக்கு அனுமதி இல்லை. 240 ஆக்கினால் வேலை செய்யும்.

இவற்றில் எதையும் செய்வதற்கு முன் ஒரு வேலை. உறைந்த பிறகு டெர்மினல் திறக்க முடியாது, அதனால் விஎம்ஸ்டாட்டை நேர முத்திரையோடு ஒரு கோப்பில் எழுதும்படி காலையிலேயே ஓடவிட்டுவிடுங்கள். அடுத்த முறை உறைந்து மீண்டதும், அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு 30 வரியையும், சிஸ்டத்தின் பதிவேடான ஜர்னலில் அவுட் ஆஃப் மெமரி என்று ஏதாவது வரி இருந்தால் அதையும் இங்கே ஒட்டுங்கள். எஸ்ஐ, எஸ்ஓ, பிஐ மூன்றுமே அமைதியாக இருந்தால் ஸ்வாப்பை மறந்துவிட்டு கிராபிக்ஸ் டிரைவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.